ஆட்டோ கண்ணாடியில் 6174

சண்முகவடிவுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அந்தச் சந்தேகக் கேசா?" என்று சிரித்துக்கொண்டேதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தச் சந்தேகத்தால் தாங்கள் பிழைத்த கதையை மட்டும் ஒருவரும் வாய் திறந்து சொல்வதில்லை. மனிதர்கள் அப்படித்தான்.

கொழுந்து நிறுக்கும் தராசில் ஏதோ கோளாறு என்று முதலில் மூக்கில் வியர்த்தது அவளுக்குத்தான். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டு நின்றபோது, அவள் கடையில் வாங்கிய சீனிப் பக்கட்டைக் கட்டுப் பிரிக்காமல் கொண்டுவந்து, "இதையும் ஒருக்கா நிறுத்துப் பாருங்க ஐயா" என்று தராசில் வைத்தாள். பக்கட்டில் அச்சடித்திருந்த எடை ஒன்று, தராசு காட்டியது வேறு ஒன்று. மறுவாரமே புதுத் தராசு வந்தது. அதற்குப் பிறகு, வெளிநாட்டு வேலைக்குப் பெண்பிள்ளைகளைச் சேர்க்க ஒரு ஆள் வெள்ளைச் சட்டையும் செண்ட் வாசமுமாக லயத்துக்கு வந்தான். எல்லோரும் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்கள். வடிவு மட்டும் அவனுடைய அடையாள அட்டையைக் கேட்டாள். போட்டோ பிரதி எடுத்துவருகிறேன் என்று போனவன் போனவன்தான். குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூட அவன் கீழே வைக்கவில்லை, கையோடு கொண்டுபோய்விட்டான்.

ஆக, அவள் சந்தேகப்பட்டாள் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அந்தச் சந்தேகம் இப்போது வீட்டுக்குள் வந்து, செல்லசாமியின் மேல் உட்கார்ந்திருந்தது.

செல்லசாமி அவளுடைய புருஷன். தேயிலைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஓய்வு என்றால் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஒரு பழைய ஆட்டோ வாங்கி, லயத்துச் சின்னப் பிள்ளைகளை அக்கரப்பத்தனையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் கூட்டி வருவார். பிள்ளைகளுக்கு அவர் ஆட்டோ மாமா. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு வாயைப் பிளந்து நிற்கிற பாதை அது. ஆனால் செல்லசாமியின் ஆட்டோவில் பிள்ளையை ஏற்றிவிட்ட தாய்மார் நிம்மதியாக மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவார்கள். பூரணி என்று பக்கத்து வீட்டுக் காம்பிராக்காரி, தன் இரண்டு பேத்திகளையும் அவர் கையில்தான் ஒப்படைத்திருந்தாள். அவ்வளவு நிதானமான ஆள் என்று பெயர்.

நிதானமான ஆளுக்கு என்ன இரகசியம்? வடிவின் கேள்வி இதுதான்.

முதலில் சின்னச் சின்னதாக வந்தது. சீனி வாங்கச் சொன்னால் வாங்கி வருவார், மறுநாளும் வாங்கி வருவார். "நேத்துத்தானே வாங்குனீங்க?" என்றால் முகம் ஒரு மாதிரி ஆகும். பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்ப ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரு நாள் டயர் என்பார். கொஞ்ச நேரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டால், மழைக்கு ஒதுங்கினேன் என்பார். ஒரே பயணத்துக்கு இரண்டு காரணம். பொய் சொல்கிறவனுக்குத்தான் சொன்ன பொய் மறக்கும் என்று வடிவு கணக்குப் போட்டாள்.

அப்புறம்தான் அந்த நம்பர் கண்ணில் பட்டது.

லயத்துக் கோடியில் நிற்கும் ஆட்டோவின் முன் கண்ணாடி விடியற்காலையில் பனி படிந்து வெளுத்திருக்கும். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனவள் பார்த்தாள்: செல்லசாமி கண்ணாடியின் முன்னால் நின்று, விரலால் அந்தப் பனியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். மேலே ஒரு எண், அதற்குக் கீழே ஒரு எண், அதற்கும் கீழே என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒன்றைச் சுற்றி வட்டம் போட்டார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். பிறகு துணியை எடுத்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்.

எழுதுகிற மனுசன் எதற்காக அழிக்க வேண்டும்?

அடுத்த நாள் வாளியோடு நெருங்கிப் போய்ப் பார்த்தாள். வட்டத்துக்குள் 6174. அதற்கடுத்த நாள் மேலே இருந்த எண்கள் எல்லாம் வேறு. வட்டத்துக்குள் அதே 6174. எந்த நாள் பார்த்தாலும் மேலே புதிது புதிதாக இருந்தது, கீழே மட்டும் மாறவில்லை.

அவருடைய போனை எடுத்துத் துருவினாள். 6174 என்று முடிகிற நம்பர் ஒன்றுகூட இல்லை. இருந்திருந்தால் அரைச் சந்தேகத்தோடு நின்றிருக்கும். இல்லாததால் அது முழுச் சந்தேகமாகிவிட்டது. அழித்திருக்கிறார் அல்லவா? லொத்தர் சீட்டாக இருக்குமோ என்றும் யோசித்தாள். லொத்தர் என்றால் தினம் ஒரே நம்பரை எழுதி மூச்சு விடுவானேன். நாலு இலக்கம் என்றால் வாகன நம்பர். அதில் சந்தேகமே இல்லை. யாரோ ஒருத்தி ஏறி வருகிற வாகனம்.

அன்றிலிருந்து ரோட்டில் போகிற வாகனம் ஒன்றையும் வடிவு விடவில்லை. கொழுந்துக் கூடையோடு மலையில் நின்றுகூட, கீழே பாதையில் வருகிற வானையும் லொறியையும் எட்டிப் பார்த்தாள். கங்காணி அவளுக்கு வெளியூரிலிருந்து யாரோ விருந்தாளி வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியில் அது நானுஓயாவில் மாட்டியது. கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் ஜெயந்தினியை ரயிலேற்றிவிட்டு வெளியே வந்தால், ஸ்டேஷன் வாசலில் ஒரு வெள்ளை வான். நம்பர் 6174. வடிவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வானில் சாய்ந்து நின்ற டிரைவர் கஜேந்திரன் என்கிற இளைஞன். உல்லாசப் பயணிகளை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போகிறவன். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றான்.

"டவுனுக்கா போறீங்க, அம்மா?"

"செல்லசாமிய தெரியுமா?"

"எந்தச் செல்லசாமி?"

"தெரியாத மாதிரி கேக்காத தம்பி. டயகம ஆட்டோ செல்லசாமி. ஒன் வான்ல யாரு வந்து போறது?"

"சுத்திப் பாக்க வர்றவங்கதான். இன்னைக்கிக் காலையில ஜெர்மன்காரங்க வந்தாங்க."

ஜெர்மன்காரியாக இருக்காது என்று அவளுக்கே பட்டது. ஆனாலும் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தாள். பின் சீட்டு இடுக்கில் சிவப்புக் கல் வைத்த ஒரு கிளிப் கிடந்தது. கஜேந்திரன் தடுக்கவில்லை. இந்த அம்மாவிடமிருந்து தப்பினால் போதும் என்று, "எடுத்துக்கிட்டுப் போங்க அம்மா, ஒங்களோடதுதான்னா" என்று சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளை மேல் எனக்கு இன்றைக்கும் பரிதாபம் உண்டு.

வீட்டுக்கு வந்ததும், ரொட்டியைப் பிட்டுச் சம்பலில் தொட்டுக்கொண்டிருந்த செல்லசாமியின் தட்டுக்குப் பக்கத்தில் கிளிப்பை வைத்தாள்.

"இது யாரோடதுங்க?"

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "ஜெயந்தினியோடதா?"

"ஆறாயிரத்து நூத்தி எழுவத்தி நாலுல கெடந்துச்சி. எனக்கு எல்லாம் தெரியும். நானுஓயாவுக்கு எப்பலேர்ந்து போறீங்க?"

அந்த நம்பரைக் கேட்டதும் மனுசனுக்கு முகம் செத்துப்போனது. ரொட்டியைக் கீழே வைத்தார். மெல்ல, யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்.

"வடிவு, நா நானுஓயாவுக்குப் போனேனா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செய்வதையும் செய்துவிட்டு, செய்தேனா என்று அவளிடமே கேட்கிறாரே! கட்டியவளைக் கேனச்சி என்று நினைத்துவிட்டாரா? அன்றைக்கு அவள் பேசிய பேச்சு நாலு காம்பிராவுக்குக் கேட்டது. அவர் சத்தம் போட்டு மறுத்திருந்தால்கூட அவள் கொஞ்சம் நம்பியிருப்பாள். அவர் கிளிப்பைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கேயாவது பார்த்த ஞாபகம் வருகிறதா என்று தேடுகிற பார்வை அது. அன்றைக்கு வடிவுக்கு அது புரியவில்லை. புரிந்த பிறகு அவள் அதை நினைக்காத நாள் இல்லை.

அதற்குப் பிறகு சில வாரம் கழித்து, கண்ணாடியில் 6174 வருவது நின்றது.

வடிவு மகிழ்ந்துபோனாள். தன் வாய்க்குப் பயந்து மனுசன் அந்தச் சகவாசத்தை வெட்டிவிட்டார் என்று பூரணியிடம்கூடச் சாடைமாடையாகச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. பீலிக்குப் போகும்போது கவனித்தால், அநேகமான நாட்களில் இப்போது வட்டத்துக்குள் வேறொரு எண். 6284.

ஒருத்தி போய் இன்னொருத்தி வந்துவிட்டாளா? இந்த வயதிலா? மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துவிடுகிற காலத்திலா? சந்தேகம் மறுபடி தலைக்கேறியது. இந்தத் தடவை யாரையாவது பிடித்து உலுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். செல்லசாமிக்கு உலகத்தில் ஒரே சிநேகிதர் அக்கரப்பத்தனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அலியார்தான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் அவர் போய் உட்காருகிற இடம் அது. லீவு நாள் பார்த்து வடிவு பஸ் ஏறினாள்.

கடையில் அலியாரும், அவருடைய மகள் ஹப்ஸாவும் இருந்தார்கள். ஹப்ஸா கம்பஸில் கணிதம் படிக்கிற பிள்ளை. விடுமுறைக்கு வந்தால் வாப்பாவுக்குத் துணையாகக் கடையில் நிற்பாள்.

"வாங்க தங்கச்சி, செல்லசாமி எங்க?" என்றார் அலியார்.

"அதத்தான் நா ஒங்ககிட்ட கேக்க வந்தேன், நானா. யாரு அந்த ஆறாயிரத்து நூத்தி எழுவத்தி நாலு?"

அலியார் விழித்தார். ஹப்ஸாதான் சிரித்துவிட்டாள். "அது நம்மட நம்பர், ஆன்ட்டி! நான்தான் அங்கிளுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

வடிவு அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். ஹப்ஸாவுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் விளங்கவில்லை. விளங்காததே நல்லது. அவள் பாட்டுக்கு ஒரு பருப்புப் பையைக் கிழித்து விரித்து, பேனாவை எடுத்தாள்.

"ஏதாவது நாலு இலக்கத்துல ஒரு எண் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

வடிவு கல்யாணமான வருஷத்தைச் சொன்னாள். 1994. ஹப்ஸா அந்த இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினாள், 9941. அதையே சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினாள், 1499. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தாள். 8442. வந்த விடையை மறுபடி அதேபோல இரண்டு விதமாக அடுக்கிக் கழித்தாள். 5994. அப்புறம் 5355, 1998, 8082, 8532. ஏழாவது வரியில் 6174 என்று வந்து நின்றது.

"இதுக்கு மேல கழிச்சாலும் இதேதான் வரும். 7641லேர்ந்து 1467 போனா, திரும்ப 6174. எந்த எண்ணுல தொடங்கினாலும் ஏழு வரிக்குள்ள இங்கதான் வந்து சேரும். இந்தியாவுல ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கண்டுபிடிச்சது."

"எந்த எண்ணுலயும்னா எந்த எண்ணுலயுமா?"

"ஓ."

"1111?"

ஹப்ஸா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது மட்டும் ஆகாது. நாலும் ஒரே இலக்கமா இருந்தா கழிச்சதும் பூச்சியம். மத்தது எல்லாம் வரும்."

பார்த்தாயா என்பதுபோல வடிவு அலியாரைப் பார்த்தாள். ஓட்டை இல்லாத பேச்சு எது? என்றாலும் அவளுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. இவள் எழுதினால் இவளுக்கு வேண்டியதுதான் வரும், நானே போட்டுப் பார்க்கிறேன் என்று பேனாவைப் பிடுங்கினாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்த கழித்தல் கை மறக்கவில்லை. ஜெயந்தினி பிறந்த வருஷத்தை எழுதினாள். 1998. அடுக்கினாள், கழித்தாள், 8182. பிறகு 7533. பிறகு 4176. பிறகு, அவள் கையாலேயே, 6174.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரையும் நம்பாத மனுசிக்கு, தன் கையால் போட்டு வந்த விடையை நம்பாமல் இருக்க முடியுமா? தராசு ஏமாற்றியிருக்கிறது, வெள்ளைச் சட்டைக்காரன் ஏமாற்றப் பார்த்தான், இந்த நம்பர் மட்டும் சொன்ன இடத்துக்கு வந்து நிற்கிறது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஹப்ஸா மட்டும் அந்தப் பேப்பரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, மொத வரியில பிழை விட்டுட்டீங்க. பக்கத்து இலக்கத்துக்கிட்ட ஒண்ணு கடன் வாங்கிட்டு, வாங்கினத மறந்துட்டீங்க. 8082 வரணும். நீங்க 8182ன்னு போட்டிருக்கீங்க."

"பின்ன எப்பிடி சரியா வந்துச்சி?"

"அதான்... பிழையா வந்ததும் ஒரு நாலு இலக்க எண்தானே. அங்கிருந்தும் இங்கதான் வரும்." சொல்லிக்கொண்டே அவள் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அலியார் கல்லாப் பெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் சிரிப்பு எப்போதோ போயிருந்தது.

"அப்ப அது பரீட்சையே இல்லயா மகள்?" என்றார் அவர்.

"என்ன பரீட்சை?" என்றாள் வடிவு.

அலியார் அவளை உட்காரச் சொன்னார். செல்லசாமி யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியதை, வேறு வழியில்லாமல் சொன்னார். கொஞ்ச மாதத்துக்கு முன்னால், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த செல்லசாமிக்கு, வழக்கமாகத் திரும்புகிற முச்சந்தியில் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. பாதை முழுதும் புதிதாகத் தெரிந்ததாம். ஒரு பிள்ளை, மாமா ஸ்கூல் அந்தப் பக்கம் என்று கையைக் காட்டியிருக்கிறது. அன்றைக்குக் கடைக்கு வந்து அவர் அழுதார். டொக்டரிடம் போகலாம் என்று அலியார் கூப்பிட்டார். போனால் லைசன்ஸைப் பிடுங்கிவிடுவார்கள், பிள்ளைகளுடைய தாய்மார் காறித் துப்புவார்கள் என்று மறுத்துவிட்டார். அப்போதுதான் ஹப்ஸா விளையாட்டாகக் காட்டிய கணக்கைப் பிடித்துக்கொண்டார். எங்கிருந்து கிளம்பினாலும் மூளை சரியாக இருந்தால் இந்த நம்பருக்கு வந்து சேர வேண்டும். தினம் காலையில் போட்டுப் பார்ப்பேன், வந்தால் ஆட்டோவை எடுப்பேன், வராத அன்றைக்கு எடுக்க மாட்டேன், போதுமா அலியார் என்று கேட்டாராம்.

"நானும் சரின்னுட்டேன் தங்கச்சி. எங்களுக்கு வெளங்கினது அவ்வளவுதான்."

வடிவுக்கு உட்கார்ந்திருந்த முக்காலி ஆடுவதுபோல் இருந்தது. நடுவில் தப்புப் போட்டாலும் வந்து சேருகிற நம்பரை நம்பி மனுசன் இத்தனை நாளும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வந்தது வந்தது என்று மூச்சு விட்டாரே, அந்த நாட்களில் எத்தனை நாள் நடுவில் தடுமாறினாரோ?

"இப்ப அது வாறதில்ல," என்றாள். "6284ன்னு வருது. அதச் சுத்தித்தான் வட்டம் போடுறாரு."

ஹப்ஸா பேப்பரைத் திருப்பினாள். 6284ஐ அடுக்கினாள், 8642. மறுபக்கம் 2468. கழித்தாள், ஒழுங்காகக் கழித்தால் 6174. பிறகு அதையே, கடன் வாங்கியதை ஒவ்வொரு முறையும் மறந்துவிட்டதாக வைத்துக் கழித்தாள். 6284 வந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் 6284.

"ஒரு தரம் மறந்தா அந்த எண் பொறுத்துக்கும் ஆன்ட்டி," என்றாள் மிக மெதுவாக. "ஒவ்வொரு வரியிலயும் மறந்தா, இப்பிடி வேற இடத்துல போயி நின்னுடும். அங்கிள் கடன் வாங்குறாரு. வாங்கினது அவருக்கு ஞாபகம் இல்ல. வட்டம் போட வேண்டிய நம்பர் எதுன்னும் மறந்துபோச்சு." அவள் பேனாவை மூடிவைத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வடிவு ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதாள். தட்டுக்குப் பக்கத்தில் கிளிப்பை வைத்ததும், நானுஓயாவுக்குப் போனேனா என்று அவர் கேட்டதும் திரும்பத் திரும்ப வந்தது. பாவம், அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். தான் செய்யாத குற்றத்தைச் செய்திருப்போமோ என்று பயந்த மனிதனை, நாலு காம்பிராவுக்குக் கேட்கத் திட்டியிருக்கிறாள். உண்மையைத்தான் கண்டுபிடிக்கவில்லை, பக்கத்திலேயே படுத்திருந்தும்.

மறுநாள் பள்ளிக்கூடம். விடியும் முன்னே எழுந்து ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். செல்லசாமி வந்து, அவளைப் பார்த்துத் தயங்கினார்.

"எழுதுங்க, நானும் பாக்குறேன்," என்றாள்.

"என்னத்த?"

"தெனமும் எழுதுறதத்தான். அலியார் நானா சொன்னாங்க."

அவர் கோபப்படுவார் என்று பயந்தாள். அவரோ கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளைபோலக் கையைத் துடைத்துக்கொண்டு, ஆட்டோவின் சொந்த நம்பரையே பனியில் எழுதினார். 3972. 9732, 2379 என்று சரியாக அடுக்கினார். கழித்தார். 7353 வர வேண்டிய இடத்தில் 7463 என்று எழுதினார். வடிவு இரவெல்லாம் அடுப்படியில் கரியால் போட்டுப் பழகியிருந்தாள். வாய்க்குள்ளேயே கடவுளே என்றாள். ஒரு தடவைதான், பொறுத்துக்கொள்ளும், அடுத்த வரியில் சரியாகட்டும். அடுத்த வரியில் 4286. அதற்கடுத்தது 6284.

செல்லசாமி வட்டம் போட்டார். மூச்சு விட்டார்.

"பாத்தியா, வந்திருச்சி! அலியார் சும்மா பயங்காட்டுறான். என் மண்டைக்கு ஒண்ணும் ஆகல்ல."

"இந்த நம்பர்தானாங்க? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இதேதான். தெனம் இதானே வருது?"

தப்பு என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் இன்றைக்குச் சொன்னது நாளைக்கு இருக்குமா? அவர் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில், வடிவு ஆட்டோவில் தொங்கிய சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் பார்த்துவிட்டார். "சாவிய குடு."

"இன்னைக்கி வேணாங்க."

"ஏன் வேணாம்? இதுக்குத்தான் இங்க வந்து நின்னியா?" அவருடைய கண் மாறியது. இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அளந்து, எடைபோட்டு, உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று துழாவுகிற பார்வை. அந்தப் பார்வை எப்படி உறைக்கும் என்று வடிவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "நீயும் அலியாரும் சேந்து ஏதோ பண்றீங்க. கண்ணாடியில இருந்தத நீதான் மாத்திட்ட, இல்ல? என்னய வீட்டுல ஒக்கார வைக்கணும். அதானே ஒனக்கு வேணும்?"

குரல் உயர்ந்தது. லயத்துக் கதவுகள் திறந்தன. பள்ளிக்கூட உடுப்பில் பிள்ளைகள் பையோடு வந்து நின்றார்கள். பூரணி முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றத் தாய்மாரும் வந்து கூடிவிட்டார்கள்.

"என்னாண்ணே, காலங்காத்தால?"

"கேளு பூரணி! இவ என் சாவிய திருடி வச்சிக்கிட்டு தரமாட்டேங்குறா. நா என்ன செஞ்சேன்? எனக்கு என்ன கொறை?"

எல்லோரும் வடிவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த மனுசனுக்கு ஞாபகம் தப்புகிறது, உங்கள் பிள்ளைகளை இனி இவரிடம் விடாதீர்கள் என்று சொன்னால், அவள் செய்தது நியாயம் என்று எல்லோரும் சொல்வார்கள். சொன்ன நிமிஷத்திலிருந்து அவர் இந்த லயத்தில் வேறு ஆளாகிவிடுவார். தாய்மார் பிள்ளைகளைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுப்பார்கள். இத்தனை நாள் எப்படி ஏற்றிப்போனாய் பாவி என்று கேட்பார்கள். செல்லசாமி அங்கேயே நின்று, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"ஆமா, நாந்தான் எடுத்தேன்!" என்று வடிவு கத்தினாள். "இந்த ஆட்டோவுல எவளெவ ஏறி எறங்குறாளோ எனக்குத் தெரியாதா? நானுஓயா வரைக்கும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். கிளிப்பே வீட்டுல இருக்கு. இனிமே இந்த ஆளு ஆட்டோ ஓட்டக்கூடாது. சாவி என் கையிலதான் இருக்கும். யாரு சொன்னாலும் தரமாட்டேன்!"

பூரணி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடியே, பேரப்புள்ள எடுக்கிற வயசுல என்ன சந்தேகம்டி ஒனக்கு! அந்த மனுசன் தங்கம்டி!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. செல்லசாமிக்கும் அது விளங்கியது. விளங்கியதும் முகத்தில் இருந்த இறுக்கம் இளகி, அவரும் சிரித்துவிட்டார். இதுதானா விஷயம், தன் மண்டையைப் பற்றி ஒன்றும் இல்லையா, வழக்கமான பைத்தியம்தானா? "பாத்தீங்களா இவள?" என்று எல்லோரையும் பார்த்துக் கையை விரித்தார். நாலு ஆண்கள் அவருடைய தோளில் தட்டி, விடுங்கண்ணே, ரெண்டு நாள்ல சரியாகிடும் என்று தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப்போனார்கள்.

வடிவு பிள்ளைகளின் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர்களை பஸ் ரோட்டுக்குக் கூட்டிப்போனாள். அன்றைக்குக் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு எப்படி, என்ன சொல்லி அவரை அழைத்துப்போவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தாள். பின்னால் லயத்தில், இப்படி ஒரு பொண்டாட்டி வாய்த்ததற்காக எல்லோரும் செல்லசாமியை நினைத்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.